பெயர் வாசித்த நாளில் இல்லாதவர்

அம்மணி,

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் அழுதுவிடுவேன். இரண்டுமே எனக்கு வேண்டாம். அதனால்தான் உன் பழைய காலேஜ் நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, மிச்சமிருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இருபது வருஷம் நம் போர்வெல் ரிக் வண்டிக்கு டீசல் சீட்டு எழுதிய கை இப்படித்தான் இருக்கும். படித்த பிறகு உன் வீட்டுக்காரருக்கும் சொல். உன் தெருவில் யாராவது கேட்டால் அவர்கள் பாஷையில் அவர்களுக்கும் சொல். இதை உனக்கு மட்டும் என்று நான் எழுதவில்லை. இத்தனை வருஷம் மறைத்து வைத்ததே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பழைய ஹோட்டலில், சண்டை நடக்கிற நாட்டிலிருந்து ஓடி வந்தவர்களைக் கொண்டுவந்து தங்கவைக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்று தெருக்காரர்கள் கையெழுத்து வாங்குகிறார்களாம். பக்கத்து வீட்டு அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து உன் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அதற்காக ஒரு கூட்டம். “எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்மா. பாப்பா ஸ்கூலுக்கு அந்த வழியாத்தான் போகணும். என்ன பண்ணட்டும்?” என்று கேட்டாய். நான் “உன்ற இஷ்டம் கண்ணு, உங்க ஊரு விஷயம் எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு, குக்கர் கூப்பிடுகிறது என்று போனை வைத்தேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. அந்தக் கேள்வியை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவளே நான்தான்.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டத்தான் இந்தக் கடிதம் என்று நினைத்துவிடாதே. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில்தான் நம் ஊருக்கு மேற்கே, கரட்டை ஒட்டிய புறம்போக்கில் முகாம் போட்டார்கள். இலங்கையில் சண்டை. ராமேஸ்வரத்தில் படகிலிருந்து இறங்கியவர்களை லாரிகளிலும் பஸ்களிலும் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். தகரமும் தார் சீட்டும் வைத்துத் தடுத்த அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஊரில் பேசாத பேச்சில்லை. நமக்கே தண்ணீர் பற்றவில்லை, இவர்கள் வேறா என்றார்கள். பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது என்றார்கள். நானும்தான் பயந்தேன். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம்கூட உட்கார மாட்டேன். அப்புறம் ஒருநாள் ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டார் காணாமல் போனது. எடுத்தவன் முகாம் ஆள்தான், பொய் சொல்ல மாட்டேன். அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து மோட்டாரையும் கொடுத்தவர்கள் முகாம் ஆட்கள்தான். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா? ஊரில் முதல் பாதியை மட்டும்தான் பேசினார்கள்.

அந்த முகாமிலிருந்து நம் வண்டிக்கு வேலைக்கு வந்தவர் தவராசா. உனக்கு முகம் நினைவிருக்கும், ஒல்லியாக, உயரமாக, காதில் பீடியைச் செருகியிருப்பார். மன்னார் பக்கம் மீன்பிடி படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்தவர். நம் கம்ப்ரசர் எஞ்சின் ஒருநாள் மக்கர் பண்ணியபோது, சும்மா நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “மூண்டாவது இன்ஜெக்டர் அண்ணை” என்றார். ஈரோட்டு மெக்கானிக் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடிக்க முடியாததை நின்ற இடத்தில் சொன்ன மனுஷன். அன்றிலிருந்து உன் அப்பா அவரை விடவில்லை. அவர் பெண்டாட்டி ரஞ்சினி. மகள் தர்சினி உன்னோடு ஏழாம் வகுப்பில், ஒரே பெஞ்சில். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. குறித்த நாளில் அதிகாரி பதிவேட்டோடு வந்து உட்காருவார். ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஆம்பளை, பொம்பளை, கைக்குழந்தை வரைக்கும் நேரில் நின்று முகம் காட்ட வேண்டும். தணிக்கை என்று சொல்வார்கள். ஆள் இல்லையென்றால் அந்தத் தலைக்குரிய உதவியை நிறுத்துவார்கள். அது திரும்பத் திரும்ப நடந்தால் பெயரையே அடித்துவிடுவார்கள். ஆளைக் காணோம், படகேறி வேறு நாட்டுக்கு ஓடிவிட்டான் என்று அர்த்தம். அனுமதி வாங்காமல் வெளியூரில் தங்கவும் கூடாது. தவராசாவை நாங்கள் கர்நாடகாவுக்கும் ஆந்திராவுக்கும் கூட்டிப்போனதெல்லாம் அனுமதி இல்லாமல்தான். தணிக்கைக்கு முந்தின நாள் எப்படியாவது பஸ் ஏறி வந்து சேர்ந்துவிடுவார்.

நம் வண்டியிலும் ஒரு வழக்கம் இருந்தது, உனக்குத் தெரியும். பாறையை உடைத்துக்கொண்டு கீழே இறங்குகிற ஹேமர், மண் சரிந்து குழிக்குள் மாட்டிக்கொண்டால், அது வெளியே வருகிற வரைக்கும் டிரைவர் முதல் சமையல்காரர் வரை ஒருவரும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பக்கூடாது. ஒரு ஆள் கிளம்பினாலும் ஹேமர் வராது என்று உன் அப்பாவுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. சாவுச் செய்தி வந்தால்கூட ஹேமர் வந்த பிறகுதான் சொல்வோம். அதைக் கட்டிக்காத்தவள் நான். வண்டி ஓடியது அவரால் என்றால், ஆட்கள் ஒழுங்காக நின்றது என் வாயால்தான்.

நீ ஏழாவது படித்த அந்த வருஷம், கர்நாடகாவில் சித்ரதுர்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஹேமர் மாட்டிக்கொண்டது. உன் அப்பா வேறொரு ஆழ்துளைக் கிணற்று வேலைக்காக ஊரில் இருந்தார். தவராசாதான் அங்கே குழிக்குள் இறங்கிய இரும்பு ராடை ஆட்டி ஆட்டி, காற்றை ஏற்றி இறக்கி முயற்சி பண்ணிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எனக்குப் போன் பண்ணினார். “அக்கா, திங்கக்கிழமை தணிக்கை. போன முறை காய்ச்சலில ஆஸ்பத்திரியில கிடந்து தவறிப்போச்சு. இந்த முறையும் நான் நிக்காட்டி பேரை வெட்டிப்போடுவினம். என்னை அனுப்பிவிடுங்கோ.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏந்தம்பி, நீயும் கெளம்பிட்டா ஹேமரை யாரு எடுக்கறது? ஒண்ணும் ஆகாது. நான் போயி ஆபீசரைப் பாத்து, ஆளு வேலைக்குத்தான் போயிருக்குன்னு சொல்லிப்போடறேன். நீ நில்லு.” “ஓமக்கா, நீங்கள் சொன்னால் சரி” என்றார். என்னை நம்பி நின்றார் அம்மணி. என் ஒரு வார்த்தையை நம்பி நின்றார்.

திங்கட்கிழமை காலையில் நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். உன் அப்பா மறித்தார். “போயி என்னன்னு சொல்லுவ? பர்மிசன் இல்லாம வெளி மாநிலத்துக்குக் கூட்டிட்டுப் போனோம்னா? நம்ம வண்டிப் பேப்பரை எல்லாம் நோண்டுவாங்க. பேசாம இரு, அந்தாளு வந்து அவனே சொல்லிக்குவான்.” நான் அவரோடு சண்டை போட்டிருக்க வேண்டும். எதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன், சாம்பாரில் உப்பு என்று சொன்னதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் திரும்ப வீட்டுப் புடவைக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முகாமில் பெயர் வாசித்தார்கள். தவராசா இல்லை.

புதன்கிழமை மதியம் ரஞ்சினி நம் வீட்டுக்கு வந்தாள். தர்சினியையும் கூட்டி வந்திருந்தாள். வெயிலில் நாலு மைல் நடந்து வந்த முகம். உன் அப்பா அப்போதுதான் வந்து உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தார். அன்று ஏதோ லீவு, நீயும் வீட்டில் இருந்தாய். வாசல் படியில் நின்றபடியே ரஞ்சினி சொன்னாள். “அக்கா, இவரின்ர பேரை வெட்டிட்டினம். ஓடிப்போயிட்டார் எண்டு எழுதியாச்சாம். அண்ணை ஒருக்கா வந்து, எங்களிட்டத்தான் வேலை செய்யிறார் எண்டு ஒரு சொல் சொன்னால் போதும். வேற ஒண்டும் வேண்டாம்.” நான் வாசலை மறித்து நின்றுகொண்டு சொன்னேன்: “அவரு ஆந்திரா போயிட்டாருங்க ரஞ்சினி. வர பத்து நாள் ஆகும்.” நீ என் பின்னாலிருந்து, “அம்மா, அப்பா உள்ள…” என்று ஆரம்பித்தாய். உன் கையைப் பிடித்து அழுந்தக் கிள்ளினேன். நீ கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாய். ரஞ்சினி ஒன்றும் கேட்கவில்லை. “சரி அக்கா, வந்தால் சொல்லுங்கோ” என்று சொல்லி, மகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை நான்.

ஹேமர் அதற்கடுத்த வாரம்தான் வெளியே வந்தது. தவராசாதான் எடுத்தார். ஊர் வந்து சேர்ந்ததும் ஆபீசுக்கு ஓடினார். அவர் சொல்லை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வேலைக்கு வைத்திருந்தவர் வந்து சொல்ல வேண்டும் என்றார்களாம். அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்டது நியாயம்தான், போக வேண்டியவர்கள் போகவில்லை. தவராசா நம் வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தார். வண்டி ஸ்பேனர்களைச் சுத்தமாகத் துடைத்து, சாக்குப் பையில் போட்டு, படியில் வைத்துவிட்டு, “வாறன் அக்கா” என்று போய்விட்டார். சண்டை போட்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் பெயரைத் திரும்ப ஏற்ற ஒன்றரை வருஷம் ஆனது. நல்ல மனசுக்காரப் பெண் அதிகாரி ஒருத்தர் மாற்றலாகி வந்து, முகாமில் அக்கம்பக்கத்து ஆட்களை எல்லாம் விசாரித்து ஏற்றிக்கொடுத்தார். அந்த ஒன்றரை வருஷமும் தவராசா ஆபீஸ் ஆபீசாக நடந்தார். வெளியே வேலைக்குப் போக முடியவில்லை. தர்சினி எட்டாம் வகுப்புக்கு வரவில்லை. பள்ளிபாளையத்தில் ஒரு தறிக் குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற வேலைக்குப் போனாள். “தர்சினி ஏம்மா வர்றதில்ல?” என்று நீ கேட்டாய். “அவங்க ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்களாட்ட இருக்குது” என்றேன். நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பஞ்சுத் தூசிக்குள் உட்கார்ந்திருந்தாள். உன்னிடம் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் இதுதான்.

அவள் பிறகு படித்துவிட்டாள், கெட்டிக்காரி. ஒரு வருஷம் தள்ளிப் பள்ளிக்குத் திரும்பி, இப்போது நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அவள் பிறந்தது இங்கே. தண்ணீர் குடித்தது இங்கே. உன்னைவிடச் சுத்தமாக “ஏனுங்க, வாங்க” என்று பேசுவாள். இன்றைக்கும் அவள் இந்த நாட்டுக்காரி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, பெயர் வாசிக்கிற நாளில் போய் நிற்க வேண்டும். நீ விமானம் ஏறிப் போய் அந்த ஊரில் இன்னும் பத்து வருஷம்கூட முடியவில்லை. போன வருஷம் அந்த நாட்டுக்காரி ஆகிவிட்டாய், கேக் வெட்டி போட்டோ அனுப்பினாய். நான் தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்தத் தெருவில் நாளைக்கு வந்து இறங்கப் போகிறவர்களுக்கு எதிராகத்தான் உன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். வந்தவளைக் கொண்டே வருகிறவர்களைத் தடுக்கப் பார்க்கிறார்கள், அடேயப்பா, என்ன சாமர்த்தியம்!

எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடு என்று நான் சொல்லவில்லை. யார், எந்த ஊர், ஏன் வந்தாய் என்று கேட்கட்டும். எழுதிக்கொள்ளட்டும். நம் வீட்டுக்கு ஒருத்தர் வந்தாலும் கேட்கத்தானே செய்வோம். ஒரு தெருவிலேயே அத்தனை பேரையும் கொண்டுவந்து அடைக்காதீர்கள், நாலு தெருவில் பிரித்து வையுங்கள் என்று கேள், அது நியாயமான கேள்வி. பிள்ளைகள் உன் பாப்பா படிக்கிற ஸ்கூலுக்கே வரட்டும் என்று கேள். நம் ஊரில் நல்லதாகச் செய்தது ஒன்று இருக்கிறது என்றால் அது அதுதான், முகாம் பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு உட்கார வைத்தது. வந்தவனை வேலை செய்ய விடு. வேலைக்குப் போனவனை ஓடிப்போனவன் என்று எழுதாதே. முக்கியமாக, எத்தனை நாளைக்கு இந்தப் பெயர் வாசிப்பு என்று முதல் நாளே சொல்லிவிடச் சொல். நம் நாடு இடம் கொடுத்தது, சோறு போட்டது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவரை வாசல் படியிலேயே நிற்கவைத்திருக்கிறோம். நானே பண்ணினதுதான், அதனால் எனக்குத் தெரிகிறது.

நீ போன் பண்ணிய மறுநாள் நான் முகாமுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் முறை. தவராசாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. குரலை வைத்தே “ரிக் வண்டி அக்காவே?” என்று கேட்டுச் சிரித்தார். ரஞ்சினி டீ போட்டாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். “ரஞ்சினி, அன்னிக்கு அவரு ஊட்லதான் இருந்தாரு. நான் பொய் சொன்னேன்.” அவள் சர்க்கரை டப்பாவை மூடிக்கொண்டே, “தெரியும் அக்கா” என்றாள். “அண்ணையின்ர செருப்பு வாசலில கிடந்தது. நான் பாத்தனான்.”

டம்ளர் சாய்ந்து டீ என் மடியில் கொட்டிவிட்டது. “அப்பறம் ஏம்மா கேக்கல? அங்கயே என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாமில்ல?” என்றேன். துணியை எடுத்து என் புடவையைத் துடைத்துவிட்டாள். “உங்கட பிள்ளை பக்கத்தில நிண்டது அக்கா. அதுக்கு முன்னால உங்களைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனம் வரேல்ல” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். புருஷன் பெயர் போய், கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவள், உன் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். நான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்ற ஆள் “ஏதாச்சும் துக்கமுங்களா?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். நேற்று நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது வந்து எட்டிப் பார்த்து, “எழுதறதுன்னா எல்லாத்தையும் எழுதிப்போடு. நான் மறிச்சதையும் சேத்து எழுது” என்றார். எழுதிவிட்டேன். இன்று காலை சட்டை போட்டுக்கொண்டு, தவராசாவைப் பார்க்க அவரே தனியாகப் போயிருக்கிறார். இடுப்பு வலியோடு பஸ்ஸில். நான் தடுக்கவில்லை.

இனி நீதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று மட்டும் சொல்லி நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். போடாமல் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்வது சுலபம், நான் புடவையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேனே, அது மாதிரி. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போ. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல். பிறகு, நானும் வெளியிலிருந்து வந்தவள்தான், அவர்கள் வரட்டும் என்று எழுந்து நின்று சொல். ரஞ்சினி கேட்டது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல இங்கிருந்து நாலு மைல் போக எனக்குக் கால் வரவில்லை. நீ போய்விட்டு வந்து எனக்குப் போன் பண்ணு. போகும்போது பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அவள் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

அம்மா